காய்ச்சல் என்று சொன்னால் பேர் போகுமா?

கொரோனாவை எந்த நாடு நன்றாகச் சமாளித்தது என்ற பேச்சு எடுத்தால் போதும், நியூசிலாந்து முதலாம் பிள்ளை, தாய்வான் இரண்டாம் பிள்ளை, சீனா மறைத்தது, அமெரிக்கா கோட்டை விட்டது, இலங்கை முதலில் நன்றாகச் செய்து பிறகு சொதப்பியது என்று ஒரே மூச்சில் புள்ளி போட்டு முடித்துவிடுகிறோம். எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை நாள் ஊரடங்கு. இந்தக் கணக்கெல்லாம் தேவைதான். ஆனால் இலங்கை மலையகத்தில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிற எனக்கு அரசாங்கங்களை ஒப்பிட வேறு ஒரு கேள்வி போதுமாக இருக்கிறது: காலையில் காய்ச்சலோடு எழும்புகிற ஒரு தொழிலாளி "எனக்குச் சுகமில்லை" என்று வாய்திறந்து சொன்னால், அன்றைக்கு அவருக்கு என்ன நடக்கும்?

தேயிலைத் தோட்டத்தில் இதற்குப் பதில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகாவிட்டால் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. போனாலும் சொன்ன கிலோ கொழுந்து நிறுவையில் காணாவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அதனால் ஆள் இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு மலைக்கு ஏறிவிடுவார். அவருக்கு நோயைப் பற்றி விளங்காமல் இல்லை. மாதக் கடைசியில் கடைக் கணக்கு எவ்வளவு நிற்கும் என்பதும் சேர்ந்தே விளங்குகிறது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்றால், தொற்றுநோய் கைமீறிப் பரவுவது பெரும்பாலும் முதல் காய்ச்சலுக்கும் அது வெளியே தெரியவருவதற்கும் இடையிலான அந்த நாட்களில்தான். பரிசோதனை, தொடர்புகளைத் தேடுவது, தனிமைப்படுத்துவது எல்லாம் நோயாளி வாயைத் திறந்த பிறகுதான் ஆரம்பமாகும். அவரை வாய்திறக்க விடாமல் செய்கிற அரசாங்கம் எத்தனை ஆயிரம் இராணுவத்தினரை வீதியில் நிறுத்தினாலும் நோய்க்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம், ஏனென்றால் நம் அரசாங்கங்களின் கை அங்கேதான் பழகியது. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. அடுத்த வருடமே பிரிட்டிஷ் இந்தியா தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே 1897இல் இலங்கையிலும் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 2020இல் கொரோனா வந்தபோது இரண்டு நாடுகளும் தூசி தட்டி எடுத்தது நூற்றிருபது வருடத்துக்கு மேல் பழைய இந்தச் சட்டங்களைத்தான் (இந்தியா தன் 2005ஆம் ஆண்டு அனர்த்தச் சட்டத்தையும் சேர்த்துக்கொண்டது). இரண்டுமே அதிகாரிக்கு என்ன அதிகாரம் என்பதை நீட்டி முழக்கும். நோயாளிக்கு என்ன கிடைக்கும் என்று தேடினால் அவ்வளவாக ஒன்றும் இருக்காது. அந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது என்பதை 1897லேயே புனே பார்த்துவிட்டது. டபிள்யூ. சி. ராண்ட் என்ற அதிகாரியின் கீழ் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து, பூஜையறை வரை கிளறி, சந்தேகப்பட்டவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். சனம் நோயாளிகளை ஒளித்து வைத்தது, பிணத்தையும் ஒளித்தது. அந்த ஜூன் மாதமே ராண்டைச் சுட்டுவிட்டார்கள்.

நம் பக்கத்துக் கதை மண்டபம் கேம்ப். அதற்கு முந்திய தலைமுறைகள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தார்கள், வாந்திபேதியில் வழியெல்லாம் விழுந்தார்கள். பிறகு இராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில், இந்திய மண்ணிலேயே, இலங்கை அரசாங்கம் ஒரு தடுப்பு முகாம் நடத்தியது. தோட்டத்துக்கு வருகிறவர்களைச் சில நாட்கள் அடைத்து வைத்து, குளிப்பாட்டி, உடுப்பைக் கிருமிநீக்கம் செய்து, அம்மைப்பால் குத்தி, பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். நோய்த் தடுப்பு என்று பார்த்தால் ஒழுங்கான வேலை. ஆனால் காப்பாற்றப்பட்டது யார்? கூலி ஆட்களிடமிருந்து இலங்கைத் தீவு காப்பாற்றப்பட்டது. லயம் என்கிற வரிசை வீட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலிருந்து (ஒற்றை அறையிலிருந்து) கூலி ஆட்களைக் காப்பாற்ற அப்படி ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை.

இதற்கு இன்னும் தெளிவான சாட்சி கொக்கிப்புழு. 1916இல் அமெரிக்க ரொக்பெல்லர் அறக்கட்டளையின் ஆட்கள் இங்கே வந்து தோட்டம் தோட்டமாகப் புழு மருந்து கொடுத்தார்கள். மருந்து வேலை செய்தது, புழு வெளியேறியது. ஆனால் கக்கூஸ் கட்டுவதற்குத் தோட்டத்துத் துரைமார் காசைக் கணக்குப் பார்த்தார்கள். வெறுங்காலோடு அதே மண்ணில் நடக்கிறவர்களுக்குத் திரும்பவும் புழு ஏறியது, திரும்பவும் மருந்து கொடுத்தார்கள். மருந்து கொடுப்பதற்கு அரசாங்கமும் வரும், வெளிநாட்டுக்காரனும் வருவான், போட்டோவும் எடுக்கலாம். கக்கூஸ் கட்டுகிற கதை வந்தால்தான் அது யார் பொறுப்பு என்று எல்லாரும் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

சரி, 2020க்கு வருவோம். ஜனவரி 27ஆம் திகதி ஒரு சீன சுற்றுலாப் பயணிக்கு நோய் உறுதியானது, மார்ச் 11இல் உள்ளூர் சுற்றுலா வழிகாட்டி ஒருவருக்கு, மார்ச் 20இல் நாடு முழுக்க ஊரடங்கு. கொரோனா தடுப்புச் செயலணிக்குத் தலைவர் இராணுவத் தளபதி. ஜூன் வரை பார்த்தால் இலங்கை உலகத்திலேயே நன்றாகச் செய்த நாடுகளில் ஒன்று, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஊரடங்கிலும் தேயிலைக்கு விலக்கு இருந்தது. கொழும்பில் எல்லாரும் வீட்டுக்குள் இருங்கள் என்று டீவியில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். வேலை இருந்தது நல்லதுதான், அப்போதைய அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாவது கைக்கு வந்தது. ஆனால் "வீட்டில் இருங்கள்" என்ற செய்தி தோட்டத்துக்காரரை நினைத்து எழுதப்படவில்லை என்பது அன்றைக்கே விளங்கிவிட்டது. ஒரு மீட்டர் இடைவெளி என்று சொன்னால் லயத்தில் எங்கே அளப்பது? ஒரே இஸ்தோப்பு (முன் திண்ணை), பொதுப் பைப், வரிசையாக ஒட்டின காம்பரா, ஒரு காம்பராவில் இரண்டு தலைமுறை.

ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் கொத்தணி வெடித்தது. கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார்கள் என்று பயந்து, மேல் மாகாணத்தை விட்டு வெளியேறத் தடை போட்டார்கள். தடை சரியா பிழையா என்று நான் வாதாட வரவில்லை, நோய் பரவுகிற வேகத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் கடை மூடி, சம்பளம் நின்று, தங்குகிற அறைக்கு வாடகை கேட்கிற நேரத்தில் ஒரு இருபது வயதுப் பையன் என்ன செய்வான்? லொறியில் ஏறியாவது வீட்டுக்குத்தான் வரப்பார்ப்பான். வந்தவன் பி.எச்.ஐ.யிடம் (பொது சுகாதாரப் பரிசோதகரிடம்) போய் "நான் கொழும்பிலிருந்து வந்தேன்" என்று சொல்வானா, வீட்டுக்குள் பதுங்குவானா? தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவு என்று அரசாங்கம் அறிவித்தது. பொதி வந்த வீட்டில் ஆட்கள் உள்ளே இருந்தார்கள். அரிசி இல்லாத வீட்டுக்காரர் எப்படியும் வெளியே வந்துதான் ஆக வேண்டும், வாசலில் யாரை நிறுத்தினாலும்.

பி.எச்.ஐ. என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 ஜூலையில் அந்தப் பொது சுகாதாரப் பரிசோதகர்களின் சங்கம் கொரோனா கடமையிலிருந்து கொஞ்ச நாள் விலகி நின்றது, தங்களுக்கான சட்ட அதிகாரத்தை வர்த்தமானியில் போடவில்லை என்று. வீதியில் துப்பாக்கியோடு நிற்கிறவருக்கு இருந்த இடம், வீடு வீடாகப் போய் ஆளின் பேர், காய்ச்சல், யாரோடு பழகினார் என்று கேட்கிறவருக்கு இருக்கவில்லை.

காசு விஷயத்தில் மற்ற நாடுகள் எப்படி என்று பார்த்தால் பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பிரிவு சும்மா கரைந்துவிடுகிறது. பிரித்தானியா தொடர்புகளைத் தேடும் திட்டத்துக்கு இரண்டு வருடத்துக்கு 37 பில்லியன் பவுண் ஒதுக்கியது. ஆனால் 2020இல் அங்கே சுகவீனத்துக்குச் சட்டப்படி கிடைத்த கொடுப்பனவு வாரத்துக்கு 95.85 பவுண். இப்படிப்பட்ட காசில் உங்களால் வாழ முடியுமா என்று கேட்டபோது அப்போதைய சுகாதார அமைச்சர் மெட் ஹென்கொக்கே முடியாது என்றார். வாழ முடியாத காசுக்கு யார் பரிசோதனை செய்து மாட்டிக்கொள்வார்கள்? வருமானம் குறைந்தவர்களுக்குத் தனிமையில் இருக்க 500 பவுண் என்று அந்த அரசாங்கம் முழித்துக்கொண்டது செப்டெம்பரில். தாய்வான் தனிமைப்படுத்தப்பட்ட ஆளுக்கு நாளொன்றுக்கு 1,000 தாய்வான் டொலர் கொடுத்தது, கூடவே விதியை மீறினால் பெரிய தண்டம். 2003 சார்ஸ் நேரத்தில் ஒரு ஆஸ்பத்திரியை உள்ளே இருந்தவர்களோடு திடீரென்று பூட்டிப் பட்ட பாடு அவர்களுக்கு நினைவிருந்தது.

சிங்கப்பூர்க் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உலகத்தில் நம் லயத்துக்குக் கிட்டவான ஒன்று என்றால் அங்கத்தைய தொழிலாளர் விடுதிதான். கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த தமிழ்நாட்டுக்காரர், பங்களாதேஷ்காரர் என்று மூன்று இலட்சத்துக்கும் மேல் ஆட்கள், ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர், சில இடங்களில் அதற்கும் மேல், பொதுக் குளியலறை, பொதுச் சமையல். 2020 மார்ச் வரை சிங்கப்பூரை உலகமே புகழ்ந்துகொண்டிருந்தது. ஏப்ரலில் விடுதிகளில் வெடித்தது. வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் விடுதியில் இருந்தவர்களில் 47 சதவீதத்தினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அரசாங்கம் பிறகு செய்தது சின்ன வேலை இல்லை, அதையும் சொல்ல வேண்டும்: சாப்பாடு கொடுத்தார்கள், சம்பளத்தை நிறுத்தக்கூடாது என்று முதலாளிகளுக்குச் சொன்னார்கள், மருத்துவக் குழுக்களை விடுதிக்கே அனுப்பினார்கள், திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள், ஆட்களும் இளம் வயது என்பதால் இறப்பு மிகக் குறைவு. ஆனால் நோய்க் கணக்கைத் தினமும் இரண்டாகப் பிரித்து வெளியிட்டார்கள், "சமூகத்தில்" இத்தனை, "விடுதிகளில்" இத்தனை என்று. ஊர்க்காரர் கடைக்கும் சாப்பாட்டுக்கும் போக ஆரம்பித்து வெகுநாள் ஆன பிறகும் விடுதிக்காரர் வேலைக்கும் விடுதிக்கும் நடுவிலேயே பூட்டப்பட்டிருந்தார்கள். ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர் என்பது ஏப்ரலில் முளைத்த விஷயம் இல்லை. வைரஸ் வருவதற்கு வருடக்கணக்காகவே அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, மண்டபத்துத் துரைமாருக்கு லயம் தெரிந்திருந்த மாதிரியே.

வியட்நாமும் 2020 ஜூலைக் கடைசி வரை ஒரு சாவுகூட இல்லாமல் சமாளித்துவிட்டு, 2021இல் ஹோ சி மின் நகரத்துத் தொழிற்சாலைகளில் மாட்டிக்கொண்டது. உற்பத்தி நிற்கக்கூடாது என்று தொழிலாளர்களைத் தொழிற்சாலையிலேயே தின்று தூங்கி வேலை செய்யச் சொன்னார்கள். தடை தளர்ந்ததும் ஆயிரக்கணக்கானோர் மோட்டார் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். இந்தியாவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவில் பூட்டு, அப்புறம் நெடுஞ்சாலை நிறைய நடந்துபோன சனம்.

வாயை மூட வைக்கிற இன்னொரு காரணம் பயம். 2014இல் எபோலா வந்தபோது லைபீரியா அரசாங்கம் தலைநகர் மொன்ரோவியாவில் வெஸ்ட் பொயின்ட் என்ற சேரியை ஓகஸ்ட் 20ஆம் திகதி முள்கம்பியும் இராணுவமுமாக அப்படியே சுற்றி வளைத்தது. கலவரம் வந்தது, சூடு நடந்தது, ஒரு பையன் இறந்தான், பத்து நாளில் தடையைத் தாங்களே எடுத்துவிட்டார்கள். அதே மாதங்களில் நைஜீரியாவின் லேகொஸ் நகரத்துக்கு விமானத்தில் வந்திறங்கினது அதே நோய். அங்கே போலியோ சொட்டு மருந்துக்காகப் பழக்கப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். கிட்டத்தட்ட 900 தொடர்புகளைப் பட்டியல் போட்டு, ஏறத்தாழ 18,500 முறை நேரில் போய்ப் பார்த்து, மொத்தம் 20 நோயாளிகளோடும் 8 சாவுகளோடும் அடக்கிவிட்டார்கள். நைஜீரியாவின் சுகாதாரத் துறை பணக்காரத் துறை ஒன்றும் இல்லை. கதவைத் தட்டினால் திறப்பார்கள் என்ற பழக்கம் அங்கே ஏற்கனவே இருந்தது.

இலங்கை இந்த இடத்தில் செய்த வேலையை மன்னிக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கொரோனாவில் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் 2020 ஏப்ரலில் எரிக்க மட்டும்தான் என்று வர்த்தமானி போட்டார்கள். நிலத்தடி நீரில் கலக்கும் என்று ஒரு காரணம் சொன்னார்கள். பிறந்து இருபது நாளான முஸ்லிம் குழந்தையைக்கூட எரித்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி, அதுவும் எங்கோ ஓட்டமாவடியில். 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. மனவேதனை ஒருபக்கம், நோய்த் தடுப்பாகப் பார்த்தாலும் இது படுமோசம். கண்டியிலோ அக்குறணையிலோ ஒரு முஸ்லிம் வீட்டில் வயதானவருக்கு மூச்சுத் திணறினால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் செத்தால் எரித்துவிடுவார்களே என்று வீட்டார் யோசிப்பார்களா இல்லையா? இத்தனைக்கும் இரண்டு வருடம் முன்னால், 2018இல், நிபா வந்த கோழிக்கோட்டில், கொரோனாவைவிடப் பல மடங்கு ஆபத்தான அந்த நோயில் இறந்த முஸ்லிம் ஒருவரை ஆழமாகக் குழி வெட்டி, பாதுகாப்பு உடுப்போடு முறைப்படி அடக்கம் செய்தார்கள். கேரள சுகாதார அமைச்சராக இருந்த ஷைலஜா கோழிக்கோட்டுக்கே நேரில் போய் நின்றார். கேரளம் அந்தத் தடவை 17 உயிரை இழந்தது, ஆனால் இரண்டாவது நோயாளியிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி டொக்டர்மார் சந்தேகப்பட்டு மாதிரியை அனுப்பியதும், அரசாங்கம் அதை அமுக்காமல் உடனே கையில் எடுத்ததும்தான் அத்தோடு நிறுத்தியது. நம் சுகாதார அமைச்சர் 2020 நவம்பரில் நோய் போக வேண்டும் என்று மந்திரித்த நீர் முட்டிகளை ஆற்றில் எறிந்தார், பிறகு கேகாலையில் ஒருவர் காய்ச்சின பாணியைக் குடித்துக் காட்டினார், ஜனவரியில் அவருக்கே கொரோனா வந்தது.

அரசாங்கமே நோயை மறைக்கும் கதையும் உண்டு. தென் கொரியா இன்றைக்கு நல்ல பிள்ளை. 2015இல் மேர்ஸ் என்ற சுவாச நோய் வந்தபோது எந்தெந்த ஆஸ்பத்திரியில் நோய் இருக்கிறது என்று பேர் சொல்ல மாட்டோம் என்று முதலில் அடம்பிடித்தது, சனம் அந்த ஆஸ்பத்திரிகளுக்கே போய் நோயை வாங்கி வந்தது. 186 பேருக்குத் தொற்று, 38 சாவு. அதன் பிறகு சட்டத்தை மாற்றினார்கள், 2020இல் எல்லாரும் மெச்சினது அந்த மாற்றத்தின் பலனைத்தான். இலக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் கேரளத்தின் 2021ஐயும் கவனிக்கலாம். அந்த ஜூலைக் கடைசியிலும் ஓகஸ்டிலும் இந்தியாவின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் கேரளத்தில், எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் இரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சராசரி 67 சதவீதத்தினருக்கு எதிர்ப்பு சக்தி தெரிந்தபோது கேரளத்தில் 44தான். மற்ற மாநிலங்களில் ஏற்கனவே வந்து போன நோயில் கனக்க கணக்கிலேயே ஏறாமல் போயிருந்தது, கேரளத்தில் வருவது கணக்கில் ஏறியது.

இலங்கைக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது, மலேரியாவில் இதே நாடு செய்துகாட்டியது. 1934–35இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கி நுளம்பு பெருகி, கேகாலை, குருநாகல் பக்கம் சுமார் 80,000 பேர் செத்தார்கள். அன்றைக்கு வீடு வீடாகப் பருப்பும் மருந்தும் கொண்டுபோனவர்களில் இடதுசாரித் தலைவர் என். எம். பெரேராவும் ஒருவர், 'பருப்பு மாத்தயா' (பருப்பு ஐயா) என்ற பேர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு டிடிடி பூச்சிமருந்து அடித்து 1963இல் நோயாளிகளை வெறும் 17க்குக் கொண்டுவந்தார்கள், வேலை முடிந்தது என்று கையைத் தளர்த்தினார்கள், 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அந்த அடிக்குப் பிறகு பாடம் படித்தார்கள். யுத்தம் நடந்த காலத்திலும் இரண்டு பக்கமும் மலேரியா உத்தியோகத்தர்கள் போய் வந்தார்கள், நடமாடும் கிளினிக் காய்ச்சல்காரரைத் தேடிப் போய் இரத்தம் எடுத்தது. 2012க்குப் பிறகு உள்ளூர்த் தொற்று இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. காய்ச்சல்காரர் கிளினிக்குக்குப் போக வேண்டியிருக்கவில்லை, கிளினிக் அவரிடம் வந்தது, வந்ததால் அவருக்கு ஒன்றும் நட்டமாகவில்லை.

டெங்குவில் அந்தக் கை இன்னும் படியவில்லை. 2017இல் நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேல் நோயாளிகள், 400க்கும் மேல் சாவு. முன்பு கொழும்பு, கம்பஹா நோய் என்றிருந்தது கண்டிக்கும் ஏறியாயிற்று. தோட்டத்துக்கு ஏறினால் லயத்துப் பீலியையும் அடைபட்ட கானையும் (வடிகாலையும்) யார் சுத்தம் செய்வது? லயம் கம்பனி கையில், பி.எச்.ஐ. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ஆள், பிரதேச சபைக்கோ 2018இல் சட்டத்தைத் திருத்தும் வரை தோட்டத்துக்குள் காசு செலவழிக்கவே வழி இருக்கவில்லை. திருத்தம் வந்த பிறகு வழி இருக்கிறது. எந்தச் சபை தன் வரவு செலவுத் திட்டத்தில் லயத்துக் கானுக்கு எவ்வளவு போட்டது என்று வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்கலாம், அப்படியே டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிற நாட்களுக்குப் பேர் உண்டா என்று தொழிற்சங்கத்தாரிடமும்.